நாலாயிரம் பாட்டு வேண்டாம், பன்னிரண்டு போதும்

போன மாதம், உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எனக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்தார். "டீச்சர், உங்களுக்குத்தான் பாட்டுன்னா உயிராச்சே. நாலாயிரம் பாட்டு ஏத்தியிருக்கேன், கேளுங்க" என்றார். அன்பாகத்தான் கொடுத்தார், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் மொத்தம் 300 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் கேட்டாலும் ஐந்து மாதம் ஆகும். மறுநாள் அவரிடமே கேட்டேன், "இதுல நான் முதல்ல எதைக் கேட்கட்டும் தம்பி?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருக்கும் டீச்சர்" என்றார். அவரே அதில் பாதியைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

அன்று முதல் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவருக்குப் பாட்டு கொடுப்பது என்றால் அவரை நினைத்துப் பொறுக்கி எடுக்க வேண்டும், வரிசை கட்ட வேண்டும். வாங்குகிறவர் அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு பதில் சொல்ல வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அது கொடுக்கல் வாங்கல். நாலாயிரத்தையும் ஒரே நிமிடத்தில் காப்பி செய்து கையில் வைப்பதை என்னால் அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

நான் கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். பெரியம்மா மகள் ஓசூரில் இருந்தாள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். 1988 வாக்கில் எங்கள் இருவருக்கும் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் எல்லாம் தருமபுரி மாவட்டம்தான், 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. ஆனால் எங்கள் ஊரில் கிடைக்கிற பாட்டு வேறு, ஓசூரில் காதில் விழுகிற பாட்டு வேறு. அங்கே ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒலிக்கும். பி.பி.ஸ்ரீநிவாஸ் என்றால் எனக்கு ஜெமினி கணேசனின் குரல். ராஜ்குமாருக்காகக் கன்னடத்தில் அவர் எத்தனையோ பாட்டு பாடியிருக்கிறார் என்பது அக்கா அனுப்பிய கேசட்டில்தான் எனக்குத் தெரிந்தது. எஸ்.ஜானகியையும் அவள் கன்னடத்தில் அனுப்புவாள். மொழி புரியாததால் குரலை மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு தமிழில் அவர் பாடியதைக் கேட்கும்போதும் மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதில் காது போனது. இன்று யோசித்தால், பாட்டுக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கன்னட வரிசைகள்தான்.

அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பிளாங்க் கேசட்டில் பதிந்து தருவார்கள். பெண் பிள்ளைகள் கடைக்குப் போய் நிற்க முடியாது, அண்ணன்தான் பட்டியலை எடுத்துப் போவான். நாம் கேட்ட பாட்டு கடையில் இல்லை என்றால் கடைக்காரர் தனக்குப் பிடித்ததைப் போட்டு இடத்தை நிரப்பிவிடுவார். அது எனக்கு ஒத்துவரவில்லை. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு அண்ணன் பெங்களூரில் இருந்து, ஒரு கேசட்டில் இருந்து இன்னொன்றுக்குப் பதியக்கூடிய டபுள் டெக் ஒன்றை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில் அவருடைய அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் உட்காருவேன்.

உட்கார்ந்து செய்த வேலை என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஆசை. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் பத்து. ஏ சைடில் பத்தாவது பாட்டு முடியும் முன் நாடா தீர்ந்துபோனால் கேட்பவருக்குச் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு பாட்டையும் கடிகாரம் வைத்து ஓடவிட்டு நிமிடம், நொடி குறித்துக்கொள்வேன். கேசட்டின் ஆரம்பத்தில் ஐந்தாறு நொடிக்கு எதுவும் பதியாத வெற்று நாடா இருக்கும், அதைப் பென்சிலை விட்டுச் சுற்றித் தள்ள வேண்டும். பிறகு பாஸ் பட்டனை அமுக்கிவிட்டு ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கி, பாட்டு தொடங்கும் நொடிக்குக் காத்திருந்து பாஸை விட வேண்டும். கை ஒரு நொடி முந்தினால் முந்தைய பாட்டின் வால் ஒட்டிக்கொள்ளும், பிந்தினால் முதல் எழுத்து போய்விடும்.

அதைவிடப் பெரிய வேலை வரிசை. ஒரு பாட்டு முடிகிற சுருதியும் அடுத்தது தொடங்குகிற சுருதியும் இடித்துக்கொள்ளக் கூடாது. அறுபதுகளில் பதிவான மோனோ பாட்டுக்குப் பக்கத்தில் புதிய ஸ்டீரியோ பாட்டை வைத்தால் பழையது சுருங்கிப்போன மாதிரி கேட்கும், நடுவில் புல்லாங்குழலோ வயலினோ தனியாக வரும் ஒரு பாட்டைப் போட்டுக் காதைப் பழக்க வேண்டும். சோகப் பாட்டு மூன்று அடுத்தடுத்து வந்தால் மூன்றாவதில் மனசு மரத்துப்போகும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அக்காதான் பதில் எழுதிச் சொல்வாள். "ஏழாவது பாட்டு வரும்போது அம்மா கூப்பிட்டாங்க, நான் எந்திரிக்கலை" என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்காக அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைத்தேன்.

கேசட் எப்படிப் போகும் தெரியுமா? மாம்பழத்தோடு. மே, ஜூன் மாதங்களில் எங்கள் வீட்டில் இருந்து ஓசூருக்கு வைக்கோல் போட்டுப் பெட்டி கட்டுவார்கள். மேலே செந்தூரா, கீழே கொஞ்சம் பெங்களூரா, நடுவில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேசட். திரும்பி வரும்போது பெரியப்பா கையில் அவளுடைய கேசட் வரும். சீசன் இல்லாத மாதங்களில் யாராவது கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போகும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு கேசட்டை இரண்டு மாதம் திரும்பத் திரும்பக் கேட்போம்.

இப்போது ஒரு வருத்தமான விஷயம் சொல்ல வேண்டும்.

1987-ல் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து நடந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து என்றால் வேலை வெட்டியை விட்டுவிட்டுப் போய் உட்காருவார்கள். இரவு தொடங்கினால் விடிகிறவரை. அப்பா ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன்னில் புது பேட்டரி போட்டு எடுத்துப் போய், மேடைக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்தார். கர்ணன் போருக்குப் புறப்படும்போது மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம். ஆர்மோனியமும் முகவீணை என்கிற குட்டி நாயனமும் ஏறிக்கொண்டே போகும், கர்ணன் வேஷம் கட்டியவரின் குரல் அதற்கும் மேலே போகும். அப்பா அந்தக் கேசட்டை வருஷத்துக்கு ஒருமுறையாவது போட்டுக் கேட்பார்.

கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. அப்பாவுக்கு அது தெரியாது. 1991-ல் கையில் பிளாங்க் கேசட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் எழுதாமல் கிடந்த அந்தக் கேசட்டை எடுத்து இரண்டு பக்கமும் சினிமாப் பாட்டைப் பதிந்தது நான்தான். அப்பா திட்டவில்லை. "சரி விடு, அடுத்த வருஷம் கூத்துல பதிஞ்சுக்கலாம்" என்றார். கர்ணன் வேஷக்காரர் அடுத்த வருஷத் திருவிழாவுக்கு இல்லை. அப்பாவும் 2009-ல் போய்விட்டார்.

2021 ஊரடங்கில் அக்கா பரணைச் சுத்தம் செய்தபோது என்னுடைய கேசட்டுகள் பதினொன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தன. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற குட்டிப் பஞ்சுத் துண்டு பாதிக் கேசட்டுகளில் உதிர்ந்து போயிருந்தது. அக்கா மகன் திருகாணிகளைக் கழற்றி, நாடாவை நல்ல கூட்டுக்கு மாற்றி, பழைய பிளேயரில் பெல்ட் மாற்றி, லேப்டாப்பில் ஒயரைச் செருகி ஒவ்வொன்றாக ஏற்றினான். பெல்ட் மாற்றாமல் ஓட்டினால் சுருதியே இறங்கிப்போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. 1990-ல் நான் அனுப்பிய ஒரு கேசட்டில், பி சைடு மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவில், நாலு நிமிடம் கூத்து இருந்தது. ஓசூரில் அக்காவுக்குக் கூத்துப் பார்க்கக் கிடைக்காதே என்று அப்பாவின் கேசட்டில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

அந்த ராத்திரியில் மிச்சம் இருப்பது அந்த நாலு நிமிடம்தான். என் வீட்டில் இருந்தது என் கையாலேயே அழிந்தது. இன்னொருவருக்கு என்று கொடுத்தது முப்பது வருஷம் தாண்டியும் இருக்கிறது. கர்ணன் வேஷக்காரரின் மகனைத் தேடிப் போய் அதை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து மூன்று முறை கேட்டார். நான் அங்கே இருந்தவரை ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒன்பது பேர், ஒருவருக்கொருவர் பாட்டு வரிசை செய்து கொடுப்பதை மறுபடி தொடங்கினோம். அரூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஓசூர், தளி என்று பல ஊர்க்காரர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி, யார் யாருக்குச் செய்வது என்று முடிவு செய்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு பாட்டு, கூடினால் பதின்மூன்று. வாங்கியவர் ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்டுவிட்டு ஒரு பக்கம் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். "சூப்பர்", "செம" எல்லாம் செல்லாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டரில் நாங்கள் கொடுத்த காசு இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் போய்ச் சேரவில்லை, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால் இப்போது எல்லோரும் ஆப்புக்குச் சந்தா கட்டுகிறோம். கைமாறுவது வரிசை மட்டும்தான். நாங்களே பதிவு செய்த சத்தங்களை மட்டும் கோப்பாக அனுப்புகிறோம்.

"ஆப்பே உனக்குப் பிடிச்ச மாதிரி போட்டுத் தருதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?" என்று என் தங்கை கேட்கிறாள். எனக்குப் பிடித்ததை ஆப் தரும், மறுக்கவில்லை. நேற்று கேட்டதைப் போலவே இன்று ஒன்று தரும். அரூர் தம்பி அப்படிச் செய்யமாட்டார். போன வருஷம் அவர் எனக்குச் செய்த வரிசையில் பாதி எனக்குப் பிடிக்கவே இல்லை. இளைஞர்கள் கேட்கும் ராப் பாட்டுகள், வெறும் சத்தமாக இருந்தது. ஆனால் பதில் எழுத வேண்டுமே. அதனால் மறுபடி கேட்டேன். ஐந்தாவதாக அவர் ஊர் மாரியம்மன் பண்டிகையில் அவரே போனில் பதிவு செய்த பம்பை, உடுக்கைச் சத்தம் இரண்டு நிமிடம் இருந்தது. மூன்றாவது முறை கேட்கும்போதுதான், அதற்கு அடுத்து வரும் ராப் பாட்டு அதே நடையில் போகிறது என்று பிடிபட்டது. எந்த இயந்திரமும் அரூர் மாரியம்மன் பம்பையை அந்தப் பாட்டுக்கு முன்னால் வைத்திருக்காது. எனக்கு அந்தப் பாட்டு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் காதால் அதை ஒருமுறை கேட்டுவிட்டேன்.

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். கிருஷ்ணகிரியில் இருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறவர். அவருக்காக நான் செய்ததுதான் இதுவரை நான் செய்ததில் சிறந்தது என்று நினைக்கிறேன். பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள், இவருக்கு மட்டும் தூக்கம் வராது. தாளமே இல்லாமல் தொடங்கும் பாட்டு முதலில், கடைசியில் இறங்கி நடக்கிற வேகத்துக்கு ஒன்று. நடுவில் மலேசியா வாசுதேவனின் குரல், சத்தம் குறைவாக. "சூளகிரி தாண்டும்போது ஆறாவது பாட்டு வந்தது, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன்" என்று எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை. அந்தத் தாளை மடித்து என் டைரியில் வைத்திருக்கிறேன்.

பென்டிரைவ் கொடுத்த தம்பியிடம் போன வாரம் பேசினேன். அந்த நாலாயிரத்தில் இருந்து எனக்கென்று பன்னிரண்டு மட்டும் எடுத்து வரிசை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். "எப்படி டீச்சர் எடுக்கிறது?" என்று திகைத்துப் போனார். உட்கார்ந்து கேளுங்கள் என்றேன். நேற்று வந்து இதுவரை நாலு தேறியிருக்கிறது என்றார், அதில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறாராம். அவர் முகம் நன்றாக இருந்தது. பத்தாவது ஆளாக அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று குழுவில் கேட்டிருக்கிறேன்.

இந்த முறை சீட்டில் எனக்கு வந்தவர் பாலக்கோடு அண்ணன். தக்காளி மண்டி வைத்திருப்பவர், கூத்துக் கேட்டே வளர்ந்தவர். வரிசையில் ஏழாவதாக அந்த நாலு நிமிடத்தை வைத்தேன். அதில் கர்ணன் பாட்டை இழுத்து நிறுத்தும் இடத்தில், மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒருவர் இருமுகிறார். பதினாறு வயதில் அதை அக்காவுக்குப் பதியும்போது அந்த இருமல் வந்து கெடுக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது ஞாபகம் வருகிறது. அதை வெட்டிவிடட்டுமா என்று அக்கா மகன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது யாருடைய இருமல் என்று அண்ணனிடம் நான் எழுதவில்லை. மண்டியில் இப்போது அவருக்கு வேலை அதிகம், பதில் வர ஒரு வாரம் ஆகும்.