சைக்கிளில் வா என்கிறார்கள், ரயிலில் ஏற்ற மட்டும் மனசில்லை

ஐரோப்பாவில் சைக்கிள் பயணம் என்றாலே எல்லோரும் ஆற்றங்கரைப் பாதைகளைத்தான் புகழ்கிறார்கள். பாதைகளை நானும் குறை சொல்ல மாட்டேன். ஐரோப்பா முழுக்கப் போகிற நெடுந்தூர சைக்கிள் பாதைகளுக்கு யூரோவெலோ என்று பெயர்; அதில் 15 என்று நம்பர் போட்ட ரைன் நதிப் பாதை, சுவிட்சர்லாந்து மலையில் ஆண்டர்மாட்டுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து நெதர்லாந்துக் கடற்கரை வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வழி நெடுக பலகை, தங்க இடம், தண்ணீர், எல்லாம் உண்டு. ஆனால் போனவன் திரும்பி வர வேண்டாமா? அதற்கு ரயில்தானே ஏற வேண்டும்? அங்கேதான் வயிறு எரிகிறது.

எல்லையை ஒட்டிய ஒரு பெரிய ஜங்ஷனில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஒரு டிக்கெட், சைக்கிளுக்குத் தனி டிக்கெட், அதற்கென்று இட எண்ணோடு முன்பதிவு, எல்லாம் கையில் இருக்கிறது. சைக்கிள் பெட்டி பிளாட்பாரத்தின் இந்த முனையில் வரும் என்று போர்டில் போட்டிருந்தார்கள், அங்கேயே போய் நின்றேன். ரயில் பெட்டி வரிசை மாறி, தலைகீழாக வந்தது. சைக்கிள் பெட்டி அந்தக் கடைசியில், ரயிலோ முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம், நிற்பது சில நிமிடம்தான். நான்கு பைகள் மாட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பெட்டிகளோடு இறங்குகிற கூட்டத்துக்கு நடுவே, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று கத்திக்கொண்டே ஓடினேன். போய்ச் சேர்ந்தால் கதவுக்குள் செங்குத்தாகப் படி, அதற்கு மேல் ஆள் நுழையவே சிரமமான வழி.

உள்ளே சைக்கிளை நிறுத்த முடியாது, தொங்கவிட வேண்டும். முன்சக்கரத்தைத் தலைக்கு மேலே இருக்கிற கொக்கியில் மாட்ட வேண்டும், அதற்கு முதலில் பைகளையெல்லாம் கழற்ற வேண்டும், கழற்றிய பைகளை வைக்கக் கீழே இடமில்லை, ஏனென்றால் சைக்கிளுக்கான இடத்தில் யாரோ சூட்கேஸ்களை அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் எழுபது வயதாவது இருக்கும் ஒரு அம்மா, மின்சார சைக்கிளோடு நிற்கிறார். அந்த வண்டி இருபத்தைந்து கிலோ இருக்கும். அதை அவர் தலைக்கு மேலே தூக்குவார் என்று எந்த மகராசன் நினைத்து அந்தக் கொக்கியை அடித்தான்? நானும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கி மாட்டினோம். கை கொடுக்க வேண்டிய ஊழியர், வழியை மறிக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்கள் என்றார். முன்பதிவுச் சீட்டைக் காட்டினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை.

சரி, அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது. ரயிலைக் கட்டும்போதே சைக்கிளை மறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் தொலைதூர ரயில்களில் சாமான் பெட்டி என்று தனியாக ஒன்று இருந்தது, சைக்கிளை அதில் ஏற்றிவிடலாம். அதிவேக ரயில் வந்ததும் அது போயிற்று. ஜெர்மனியில் 1991-ல் அதிவேக ரயில் ஓட ஆரம்பித்தபோது சைக்கிளுக்கு இடமே ஒதுக்கவில்லை. 2017-ல் புது வகை ரயில் வந்தபோதுதான் எட்டு சைக்கிளுக்கு இடம் கிடைத்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ள ரயிலில் எட்டு!

ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் சட்டம் போட்டதே என்பீர்கள். போட்டது. 2025 ஜூனுக்குப் பிறகு வாங்குகிற புது ரயில்களில் குறைந்தபட்சம் நான்கு சைக்கிளுக்கு இடம் இருக்க வேண்டுமாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் ஏறினால் தீர்ந்தது, அடுத்தவன் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். இதைப் பயணிகளின் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நாட்டுக்கு நாடு ஒரு விதி. நெதர்லாந்தில் வேலைநாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் சைக்கிளை ஏற்றக் கூடாது, ஜூலை, ஆகஸ்டில் மட்டும் விலக்கு. சுவிட்சர்லாந்தில் கோடைக்காலம் முழுக்க இன்டர்சிட்டி ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். பிரான்சின் அதிவேக ரயிலில் இடம் கிடைக்கவில்லையென்றால் சைக்கிளைக் கழற்றி 130-க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள் அடக்க வேண்டும். மாதக்கணக்கில் சைக்கிள் மிதிக்கிறவன் அந்தப் பையை எங்கே வைத்துச் சுமப்பான்? உள்ளூர் ரயில்களில் முன்பதிவு இல்லை, இடம் இருந்தால் ஏறலாம். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் முதலிடம், அது நியாயம்தான், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் வெயிலடிக்கிற சனிக்கிழமை காலையில் ஊரே சைக்கிளோடு ஸ்டேஷனுக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கும் அதே இரண்டு பெட்டி ரயிலைத்தான் விடுகிறார்கள்.

இந்த ரயில்வேக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரைன், டான்யூப் கரையோர வழித்தடங்களிலாவது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஒரு முழுப் பெட்டியை சைக்கிளுக்கு விடுங்கள். கொக்கியைப் பிடுங்கிவிட்டுத் தரையில் நிறுத்த வழி செய்யுங்கள். ரயில் தலைகீழாக வருகிறதென்றால் பத்து நிமிடம் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், சொல்லக் காசும் ஆகாது.