கேட் மூடியிருக்கிறது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். காலை மணி 8.25. கேட்டை மூடிப் பத்து நிமிடம் ஆகிறது, ரயில் இன்னும் கண்ணில் படவில்லை. (இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஊர்க்கதை தெரிவதே இங்கே காத்திருப்பதால்தான் என்பது என் அபிப்பிராயம்.) டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் குமார். முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மகன் கவின், யூ.கே.ஜி. ஹெல்மெட், குமாரின் முழங்கையில். பக்கத்தில் கூடையோடு அங்கன்வாடி டீச்சர் செல்வி. போன வருஷம் வரை கவின் அவரிடம்தான் இருந்தான்.

குமார்: அக்கா, நல்ல வேளை கண்ணில் பட்டீர்கள். உங்களிடம் இருந்தவரை இவன் தங்கம். நேற்று ஸ்கூலில் என்னைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

செல்வி: யாரையாவது அடித்துவிட்டானா?

குமார்: அடித்திருந்தால்கூட சமாளித்திருப்பேன். மிஸ் வெளியே போனதும் ஒரு பெண் பிள்ளையைக் கதவோரம் நிறுத்திவிடுகிறானாம், "மிஸ் வந்தா சொல்லு" என்று. அது கை காட்டுகிற வரைக்கும் வகுப்பே பெஞ்சு மேலே. மிஸ் உள்ளே வந்தால் அத்தனை வாயிலும் விரல்.

செல்வி: பையனுக்கு மேஸ்திரி வேலை நன்றாக வரும்.

குமார்: சிரிக்காதீர்கள் அக்கா. இதையெல்லாம் யாரிடம் கற்றான் என்றே தெரியவில்லை. எங்கள் பரம்பரையிலேயே இப்படி ஒரு ஆள் கிடையாது.

செல்வி: சரி, அந்த ஹெல்மெட் ஏன் கையில் தொங்குகிறது?

குமார்: இதுவா? மின்ட் சிக்னல் வந்தால் போட்டுக்கொள்வேன்.

செல்வி: அங்கே போனால்தான் உனக்குத் தலை முளைக்குமா?

குமார்: அங்கேதான் போலீஸ் நிற்பார். பிடித்தால் ஆயிரம் ரூபாய் அக்கா. இவன்தான் எனக்குக் கண். தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தால் போதும், "அப்பா, போடு!" என்பான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்சிக்காரரைப் பார்த்துக் கத்திவிட்டான். நானும் அவசரமாக மாட்டி, பயத்தில் அவருக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டேன்.

செல்வி: குமாரு.

குமார்: என்னக்கா?

செல்வி: கதவோரம் நின்ற அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் என்ன வேலையோ, அதே வேலைதானே இவனுக்கு வண்டியில்?

(இந்த நேரத்தில் ரயில் வந்திருந்தால் குமாருக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை.)

குமார்: அது வேறு, இது வேறு.

செல்வி: நாலு வயது தாண்டினால் வண்டியில் வருகிற பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். சட்டமே அப்படித்தான். இவனுடையது எங்கே?

குமார்: இவனுக்கு நாலுதானே அக்கா.

செல்வி: யாரிடம் சொல்கிறாய்? பதிவேட்டில் பிறந்த தேதி எழுதினவளே நான்தான். அஞ்சு முடிந்தாயிற்று.

குமார்: ஸ்கூலில் அஞ்சு. பஸ்ஸில் நாலு. அஞ்சு என்றால் அரை டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்களே.

(கவின் கட்டை விரலை மடக்கி, மீதி நாலு விரலையும் விறைப்பாக நீட்டிக் காட்டுகிறான். நல்ல பயிற்சி தெரிகிறது.)

குமார்: கையை இறக்குடா. அக்கா, நானும் சும்மா இல்லை. யூடியூப் பார்க்கிறேன். பிள்ளைக்கு உத்தரவு போடாதே, இரண்டு வழி காட்டு, எது வேண்டும் என்று அதுவே முடிவு பண்ணட்டும் என்கிறார்கள்.

செல்வி: நல்ல முறைதான். "சிவப்பு டம்ளரா, பச்சை டம்ளரா?" என்று நானும் கேட்பேன். எந்த டம்ளர் என்கிற யோசனையில், குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பதே மறந்துபோகும். நீ என்ன கேட்டாய்?

குமார்: "குளிக்கிறாயா, உதை வாங்குகிறாயா?"

செல்வி: அதற்கு என்ன சொன்னான்?

குமார்: "எத்தனை உதை?" என்று கேட்டான்.

செல்வி: கணக்கில் கெட்டி.

குமார்: அப்புறம் அந்த மிட்டாய்ச் சோதனை. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் என்கிற பேராசிரியர் செய்தாராம். பிள்ளை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, கால் மணி நேரம் தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். பொறுத்துக்கொண்ட பிள்ளைகள்தான் பின்னால் நன்றாகப் படித்தார்களாம். நானும் ஒரு தேன் மிட்டாய் வைத்தேன்.

செல்வி: எவ்வளவு நேரம் தாங்கினான்?

குமார்: ஒரு காலைத்தான் செருப்பில் நுழைத்தேன். திரும்பினால் பாகு முழங்கை வரை வழிகிறது.

செல்வி: அந்தக் கதைக்கு மிச்சம் உண்டு, எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். 2018-இல் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டு வசதி, அம்மா படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால், மிட்டாய்க்கும் படிப்புக்கும் இருந்த சம்பந்தம் பெரும்பாலும் கரைந்துபோனதாம்.

குமார்: அப்பாடா.

செல்வி: இரு, உனக்கு உரியது இனிமேல்தான் வருகிறது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று செய்தார்கள். மிட்டாய் வைப்பதற்கு முன்னால் "இதைவிட நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து "இல்லை கண்ணு" என்றார்கள். அப்புறம்தான் மிட்டாய். சொன்னபடி கொடுத்தவர்களிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றியவர்களிடம் 3 நிமிடம்.

குமார்: மூன்று நிமிடமாவது இருந்தார்களே!

செல்வி: இவனுக்கு எதையாவது வாங்கித் தருவதாகச் சொல்லி விட்டுவிட்டாயா?

குமார்: நானா? அப்படியெல்லாம்...

கவின்: கிரேயான்.

குமார்: டேய்.

கவின்: இருவத்தி நாலு கலரு. தீபாவளிக்குன்னு சொன்னே. அப்புறம் பொங்கலுக்குன்னு சொன்னே. அப்புறம் கடைத் தாத்தா செத்துட்டாருன்னு சொன்னே.

செல்வி: அடப்பாவி!

குமார்: (குரலைத் தாழ்த்தி) கடையைத்தான் அக்கா மூடினார். ஒரு வேகத்தில் வாயில் வந்துவிட்டது. மறு வாரம் அவரே எதிரில் வந்து "சௌக்கியமா குமாரு?" என்று தோளில் கை வைத்தார். இவன் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

(ஒருவழியாகப் பெட்ரோல் டேங்கர்களை இழுத்துக்கொண்டு சரக்கு ரயில் வருகிறது. பேச்சு நிற்கிறது. கவின் டேங்கர்களை எண்ணுகிறான், முப்பதுக்கு மேல் தடுமாறி மறுபடி பதினொன்றிலிருந்து தொடங்குகிறான். ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரப்போகிறது போல. நாலைந்து பேர் கேட்டுக்கு அடியில் குனிந்து நடையைக் கட்டுகிறார்கள்.)

குமார்: நாமும் அப்படியே வண்டியைச் சாய்த்து...

செல்வி: வாயை மூடு. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். முதலில் அந்த ஹெல்மெட்டை மாட்டு.

(குமார் மாட்டுகிறார். கவின் அவசரமாக நாலு பக்கமும் பார்க்கிறான். போலீஸ் யாரும் இல்லை. குழம்பிப்போகிறான்.)

மணி 8.50.

செல்வியின் போன் அடிக்கிறது. எடுத்து "வந்துட்டேன் மேடம், வாசல்லதான் இருக்கேன்" என்கிறார். கூடையைக் கை மாற்றுகிறார். தண்டவாளத்தை இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். அப்புறம் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிகிறார்.

கவின்: டீச்சர், டீச்சர்! கேட் மாமா போன் பேசிட்டு இருக்காரு. இப்பவே போயிடுங்க!

(செல்வி பாதிக் குனிந்தபடியே நின்றுவிடுகிறார்.)

குமார்: (ஹெல்மெட்டுக்குள்ளிருந்து) அக்கா, குனிந்தது குனிந்தாயிற்று. எதையோ தேடுகிற மாதிரி அப்படியே எழுந்துவிடுங்கள்.

செல்வி: (தரையைத் தடவியபடி) என் தோட்டுத் திருகாணி... இங்கேதான் விழுந்தது...

(கவின் வண்டியிலிருந்து இறங்கி, செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவனும் மண்ணைத் தடவுகிறான்.)

கவின்: (ரகசியமாக) மாமா இந்தப் பக்கம் பாக்குறாரு டீச்சர். இன்னும் கொஞ்ச நேரம் தேடுங்க.