ஸ்டர்டி பற்றி ஒரு சின்னத் திருத்தம்

மேலே ஒரு தம்பி, போக்கிமான் வீடியோ கேமில் ஒரு போக்கிமானுக்கு ஸ்டர்டி என்ற திறன் இருந்தால் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) எவ்வளவு குறைந்திருந்தாலும் ஒரே அடியில் விழாது, 1 ஹெச்பியாவது மிஞ்சும் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நாலைந்து பேர் சரி என்றும் சொல்லியாகிவிட்டது. தப்பாக நினைக்க வேண்டாம் தம்பி, அது அப்படி இல்லை.

ஹெச்பி முழுசாக இருக்கும்போது வாங்கும் அடிக்குத்தான் அந்தக் காப்பு, ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் கிடையாது, அதனால் களத்தில் ஸ்டெல்த் ராக் (உள்ளே வரும் போக்கிமானைக் குத்தும் கற்கள்) கிடந்தால் வரும்போதே கீறல் பட்டு அந்தக் காப்பு போய்விடும். 2010இல் வந்த பிளாக், ஒயிட் ஆட்டங்களுக்கு முன்னால் இந்த 1 ஹெச்பி சமாசாரமே கிடையாது. அப்போது ஸ்டர்டி, ஃபிஷர் மாதிரி ஹெச்பி எவ்வளவு இருந்தாலும் ஒரேயடியாக வீழ்த்தும் தாக்குதல்களை மட்டும்தான் தடுத்தது. (அது இன்றைக்கும் உண்டு, அதற்கு ஹெச்பி கணக்கு இல்லை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.)

நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து நானும் சித்தப்பா மகனும் செய்ததுதான்: ஸ்டர்டி உள்ள ஒரு சின்ன ஜியோடியூட் (கல் வகைப் போக்கிமான்), எதிரே லெவல் கூடிய ஒன்றின் சர்ஃப் என்ற நீர்த் தாக்குதல். முழு ஹெச்பியில் அடித்தால் 1 மிஞ்சும். அடுத்த ஆட்டத்தில் முதலில் லேசாக டாக்கிள் என்ற ஒரு சின்னத் தாக்குதல், அப்புறம் அதே சர்ஃப். ஜியோடியூட் காலி. ஆனால் சம்மரி பக்கத்தில் திறன் ஸ்டர்டிதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ராக் ஹெட் என்ற வேறு திறன் உள்ள ஜியோடியூட்டும் உண்டு, நாங்கள் முதலில் அதை வைத்துத்தான் அரைமணி நேரம் சண்டை போட்டோம்.