பையைச் சோதித்தாயிற்று, அப்புறம்?

மெட்ரோ நிலையத்துக்குள் நுழையும்போது பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் தள்ளுகிறோம், கையை விரித்துக்கொண்டு நிற்கிறோம், பீப் சத்தம் வந்தால் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் காட்டுகிறோம். பாதுகாப்பு என்றால் இதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை, இருக்கட்டும். ஆனால் சுரங்க ரயில்களில் கொத்துக் கொத்தாக மனிதர்கள் செத்த சம்பவங்களை உட்கார்ந்து படித்தால், வாசலைத் தாண்டி ஆபத்து உள்ளே வந்த பிறகு முதல் சில நிமிடங்களில் யார் என்ன முடிவெடுத்தார்கள், யார் மேலே கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தார்கள் என்பதில்தான் பெரும்பாலான உயிர்கள் போயிருக்கின்றன. அதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

தென்கொரியாவில் டேகு நகரம். 2003 பிப்ரவரி 18, காலை பத்து மணி ஆகப்போகிறது. வாழ்க்கையில் வெறுத்துப்போன ஒரு 56 வயதுக்காரர், முன்னாள் டாக்சி ஓட்டுநர், எரிபொருளை எடுத்துவந்து ஜுங்காங்னோ நிலையத்தில் ரயில் பெட்டிக்குள்ளேயே பற்றவைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இருக்கை, தரை, சுவர்ப்பலகை எல்லாமே சுலபமாகத் தீப்பிடித்து விஷப்புகை கக்கும் பொருட்கள். சில நிமிடங்களில் மொத்த ரயிலும் எரிந்தது. இத்தனைக்கும் அந்த ரயிலில் இருந்தவர்களில் பலர் தப்பிவிட்டார்கள், ஏனென்றால் அது நிலையத்தில் கதவு திறந்து நின்றிருந்தது. தீ வைத்தவரே தீக்காயத்தோடு வெளியே வந்துவிட்டார்.

செத்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு எதிர்த்திசையில் வந்த இன்னொரு ரயிலில் இருந்தவர்கள். எரிகிற நிலையத்துக்குள் அந்த ரயிலை ஏன் வரவிட்டார்கள்? முதல் ரயிலின் ஓட்டுநர் உடனே தகவல் சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து இரண்டாவது ஓட்டுநருக்குப் போன செய்தி, நிலையத்தில் தீ, கவனமாகப் போங்கள் என்பது. நில் என்று சொல்லவில்லை, நிற்காமல் தாண்டிப் போ என்றும் சொல்லவில்லை. அவர் வந்து எரிகிற ரயிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். புகை உள்ளே வராமல் இருக்கக் கதவை மூடினார். மின்சாரம் போய்விட்டது, ரயில் நகரவில்லை. பயணிகளை உள்ளேயே இருக்கச் சொல்லி அறிவித்துவிட்டு, கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஓடிப்போகச் சொல்லி உத்தரவு வந்ததும், பழக்கதோஷத்தில் ரயிலின் முதன்மைச் சாவியை உருவிக்கொண்டு ஓடினார். சாவியை உருவினால் கதவுகளுக்குப் போகும் பேட்டரி மின்சாரமும் நின்றுவிடும். உள்ளே இருந்தவர்கள் அடைபட்டார்கள். கையால் திறக்கும் வசதி இருந்தது, ஆனால் அது எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று அந்தப் புகையில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மொத்தம் 192 பேர் செத்தார்கள். பலர் வீட்டுக்குப் போன் செய்து பேசிக்கொண்டிருந்தபோதே போனார்கள்.

ஓட்டுநர்கள் இருவரும் சிறைக்குப் போனார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சாவியை உருவாமல் இறங்கக்கூடாது என்பது அவருடைய அன்றாட விதியாகத்தான் இருந்திருக்கும், தீ என்றால் அந்த விதி தலைகீழ் என்று அவர் கைக்குப் பழகும் அளவுக்கு யாராவது பயிற்சி கொடுத்தார்களா என்பதல்லவா கேள்வி. சம்பவத்துக்குப் பிறகு கொரியா முழுக்க ரயில் பெட்டிகளின் உள்பாகங்களைத் தீப்பிடிக்காத பொருளுக்கு மாற்றினார்கள், அது உருப்படியான வேலை. ஆனாலும் 2014இல் சேவோல் கப்பல் கவிழ்ந்தபோது, உள்ளேயே இருங்கள் என்ற அதே அறிவிப்பை நம்பிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பொருளை மாற்றுவது சுலபம், பழக்கத்தை மாற்றுவது அப்படி இல்லை போலிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை அஜர்பைஜானின் பாகு. 1995 அக்டோபரில் ஓடும் மெட்ரோ ரயிலில் மின்கோளாறால் தீ. ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கதவுகள் சரியாகத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காற்றோட்ட விசிறிகளின் போக்கை மாற்ற, புகை தப்பித்து நடந்துகொண்டிருந்தவர்கள் பக்கமே திரும்பியது. அதிகாரபூர்வ கணக்கில் 289 பேர். ஆக ஒரு ஊரில் நிற்கக்கூடாத இடத்தில் நின்றார்கள், இன்னொரு ஊரில் வரக்கூடாத இடத்துக்கு வந்தார்கள். ரயில் போகணுமா நிற்கணுமா, கதவைத் திறக்கணுமா மூடணுமா, விசிறி எந்தப் பக்கம் ஓடணும், இதையெல்லாம் புகை வந்த பிறகு போனில் கலந்தாலோசிக்க முடியாது. ஒவ்வொரு நிலையத்துக்கும், ஒவ்வொரு சுரங்கத் துண்டுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்து, அந்த இடத்தில் நிற்கிற ஆளுக்கு யாரையும் கேட்காமல் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

லண்டன்காரர்கள் மட்டும் பெரிய யோக்கியமா என்றால் இல்லை. 1987இல் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் பிடித்த தீ, ஆரம்பத்தில் ஓர் அட்டைப்பெட்டி எரிகிற அளவுக்குத்தான் இருந்தது. தண்ணீர் பீய்ச்சும் கருவி அங்கேயே இருந்தும் யாரும் இயக்கவில்லை. ரயில்கள் வழக்கம்போல வந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன. 31 பேர் செத்த பிறகு விசாரணை அறிக்கையில் 157 பரிந்துரைகள்.

சரி, நல்லபடியாக நடந்த கதையே கிடையாதா? 2008 நவம்பர் 26 இரவு, பயங்கரவாதிகள் தாக்கிய மும்பை சிஎஸ்டி (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) ரயில் நிலையம். அங்கே அறிவிப்பாளராக இருந்த விஷ்ணு ஜெண்டே, துப்பாக்கிக்காரர்களைப் பார்த்ததும் மைக்கில் திரும்பத் திரும்பப் பயணிகளுக்கு எந்தப் பக்கம் போகக்கூடாது, எந்த வழியாக வெளியேறணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அறையை நோக்கியும் சுட்டார்கள். நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அந்த மைக் இல்லாவிட்டால் எத்தனை ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். யாருடைய உத்தரவுக்காகவும் அவர் காத்திருக்கவில்லை. நம் திட்டங்கள் இப்படிப்பட்ட ஆளை எதிர்பார்த்துக் கட்டப்படுகிறதா, அல்லது தற்செயலாக ஒருவர் அமைந்தால் பாராட்டிச் சால்வை போர்த்துவதோடு முடிகிறதா?

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலையம் பக்கம் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். காரணம் உள்ளே கொண்டுவந்திருந்த சமையல் எரிவாயு சிலிண்டர். லக்னோவில் 17ஆம் தேதி கிளம்பிய பெட்டி அது, வழியில் எத்தனையோ நிலையம், எத்தனையோ சோதனை. வாசல் காவல் ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை.

ராத்திரி ஏசி பஸ்ஸும் இதே கதைதான். 2013இல் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன வால்வோ பஸ் மெகபூப்நகர் மாவட்டத்தில் எரிந்து 45 பேர் போனார்கள். அதற்கப்புறமும் நான் ஏறுகிற பஸ்களில் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கொக்கிதான் தொங்குகிறது. அவசர வழி எது என்று கிளம்பும்போது ஒரு நிமிடம் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? சினிமாப் படம் மட்டும் போடுகிறார்கள். (நம்ம பழைய மின்சார ரயிலுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் கதவை மூடவே மாட்டார்கள். அதில் விழுந்து சாவது தனிக் கணக்கு.)

ஒத்திகை நடத்துகிறார்கள், செய்தித்தாளில் படம் வருகிறது, ஸ்ட்ரெச்சரில் ஒருவர் சிரித்துக்கொண்டே படுத்திருக்கிறார். நிஜக் கூட்டத்தோடு, சாயங்கால நெரிசலில், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை நடத்தட்டும். தமிழ் தெரியாத வேலையாட்கள் இத்தனை பேர் தினமும் பயணம் செய்கிறார்கள், அறிவிப்பு அவர்களுக்குப் புரிகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரிந்துவிடும். தீ என்றால் லிப்டில் ஏறக்கூடாது, எஸ்கலேட்டரும் நின்றிருக்கும். தரைக்கு அடியில் இரண்டு மாடி ஆழத்தில் சக்கர நாற்காலியோடு நிற்பவரை யார் தூக்கிக்கொண்டு ஏறுவது, அந்த ஷிப்டில் இருக்கும் எந்த ஊழியருக்கு அந்த வேலை? இதற்கு நிலையத்தில் எழுதிவைத்த பதில் ஒன்று இருந்தால், மெட்ரோவில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது கீழே சொல்லுங்கள்.