நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஏழு ஆண்டு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மைல்கற்கள் என்று நண்பர்கள் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். 1974 ஒக்டோபர் 6, திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்து வைத்தார். 1978இல் மருத்துவ பீடம். 1979 ஜனவரி 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். 1990இல் கிளிநொச்சியில் விவசாய பீடம். 1997இல் வவுனியா வளாகம்.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாம் திறப்பு விழாக்கள். 1974ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலால் பிள்ளைகள் வெளியே நின்ற காலம். தமிழரசுக் கட்சி பல்கலைக்கழகம் கேட்டது திருகோணமலையில், கிடைத்தது யாழ்ப்பாணத்தில். கொடுத்த கையை ஊர் சந்தேகத்தோடுதான் பார்த்தது. முதல் தலைவராக வந்த கைலாசபதியும் முதல் துணைவேந்தர் வித்தியானந்தனும் அந்தச் சந்தேகத்தின் நடுவில்தான் வேலை செய்தார்கள். தனிப் பல்கலைக்கழகமாகி இத்தனை காலமாகியும் ஊர்வாயில் அது இன்னும் ‘கம்பஸ்’தான் என்பது வேறு கதை.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் ஹெலிகொப்டரில் வளாகத்துக்குள் வந்து இறங்கியது பட்டியலில் இல்லை. 1989 செப்டெம்பர் 21 அன்று உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் இல்லை. இவற்றை விட்டுவிட்டு எழுதுவது வரலாறு அல்ல, அழைப்பிதழ்.

நான் 1991இல் உள்ளே போனேன். போரும் பொருளாதாரத் தடையும். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் திரியைக் கோத்து எரிப்போம். காற்றுக்கு அணையாது என்பது அதன் பெருமை. விடியும்போது மூக்குக்குள் கரி இருக்கும். பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான நாள்களில், விரிவுரைக் குறிப்பைப் பொடி எழுத்தில், ஓரம்கூட விடாமல் எழுதினோம்.

அப்போதைய துணைவேந்தர் துரைராஜா. கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் எழுதிய களிமண் பற்றிய கட்டுரையை மண் பொறியியல் படிப்பவர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். அந்த மனிதர் எங்களைப் போலவே சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தார். 1994இல் மறைந்தார். எனக்கு மைல்கல் என்றால் அந்தச் சைக்கிள்தான்.

1995 ஒக்டோபர் இறுதியில் இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய வலிகாமமும் எழுந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தன. நான் எடுத்துப் போன பையில் இரண்டு சாரமும் குறிப்புக் கொப்பிகளும். மழையில் மை கரைந்து, ஒரு பாடம் முழுவதும் நீலத் திட்டாகிவிட்டது. 1996இல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு அணியும் இப்படி எத்தனை ஆண்டுகளை இழந்தது என்று ஒரு விழா மலராவது அட்டவணை போடக் கூடாதா? பரீட்சை எடுத்தவர்களும் நடத்தியவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

1998இல் பட்டத்தோடு வெளியே வந்தேன். கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்த அதிகாரி கேட்டார்: “நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஏழு ஆண்டா? எத்தனை தடவை பெயில்?”

ஒரு தடவையும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.