நெல் காசுக்கு ரசீது எங்கே?

ஜெயித்தவர் பாதியிலேயே எம்.பி. பதவியை உதறிவிட்டுப் போவது அவர் இஷ்டம், சரி. ஆனால் பதவிக்காலம் ஒரு வருஷமாவது மிச்சமிருந்தால், பொதுவாக 6 மாதத்துக்குள் இடைத்தேர்தலை வைத்தாக வேண்டும் என்கிறது 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அது குறுவை அறுப்பு நேரமா, நெல் நனைந்து முளைக்கிற நேரமா என்று சட்டத்துக்கு என்ன தெரியும்?

நெல் பணத்தை பேங்கில் எடுத்துக்கொண்டு, அறுப்பு மிஷின்காரருக்கு வாடகை கொடுக்கலாம் என்று கிளம்பினால், நீடாமங்கலம் தாண்டியதும் தேர்தல் பறக்கும் படை மறித்து, 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கிறதே, ரசீது எங்கே என்கிறது. பாஸ்புக்கோ வீட்டில் காலண்டருக்குப் பின்னால். சட்டையெல்லாம் சேறு, இந்த லட்சணத்தில் நான்தான் ஓட்டுக்குக் காசு கொடுக்கப் போகிறேனாம்! அதே நேரத்தில் கொடி கட்டிய கார்கள் வரிசையாகப் போகின்றன, ஒன்றையாவது கைகாட்டி நிறுத்த வேண்டுமே.