லுங்கி கட்ட வருமா அந்தக் கை?

ரெண்டு நாளா எங்க குரூப் பூரா அந்த பயோனிக் கை, அதாவது பேட்டரில ஓடுற செயற்கைக் கை, வீடியோதான் சுத்துது. முட்டையை உடையாம தூக்குறாங்க, ஷூ லேஸ் கட்டுறாங்க. "உன் மாமாவுக்குக் காட்டு"ன்னு நாலு பேர் அனுப்பிட்டாங்க. காட்டினேன். முழுசாப் பாத்துட்டு மாமா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "இதால லுங்கி கட்ட முடியுமா மாப்ள?"

மாமா தர்மபுரியில இருந்து வந்து பெங்களூரு பீன்யாவுல, தகட்டை அமுக்கி வெட்டுற பவர் பிரஸ் மெஷின் ஓட்டினவரு. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும், கை அச்சுக்குள்ள மாட்டக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடே, ஆனா பீஸ் கணக்கு ஏறணும்னு ஒரு பட்டனை டேப் சுத்தி அமுக்கியே வெச்சிருந்தாங்க. வலது கை மணிக்கட்டோட போச்சு. அப்போ இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி ஒரு கை போனா சம்பாதிக்கிற திறன்ல 60 சதவீதம் போச்சாம். மீதி 40க்கு எந்த பிரஸ் ஷாப்ல வேலை குடுப்பான்னு அதுல எழுதலை.

ஒரு தடவை அந்த மாதிரி பேட்டரி கையை மாட்டிப் பாக்க ட்ரையலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கை போனாலும் விரலை மடக்குற சதை பெரும்பாலும் முன்கையிலதான் இருக்கு, அது இறுகும்போது வர்ற துளி மின்சாரத்தை சாக்கெட்ல, அதாவது மிச்சக் கையை நுழைக்கிற கூடுல, இருக்கற சென்சார் பிடிச்சு மோட்டாரை ஓட்டும். "இல்லாத விரலை மடக்குங்கண்ணா"ன்னான் அங்க கை மாட்டிவிட்ட பையன். மாமா கண்ணை மூடி மடக்கினாரு, கை மூடிச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் பேப்பர் கப்புல டீ குடுத்தாங்க, நசுக்கி பேண்ட் பூரா ஊத்திக்கிட்டாரு, ஏன்னா எவ்ளோ அழுத்துறோம்னு விரல்ல தெரியாது, கண்ணால பாத்துக்கிட்டே பிடிக்கணும். அரை மணில வேர்வை ஊறி, சொன்ன பேச்சு கேக்கலை, தானா திறக்குது. எடை கிட்டத்தட்ட நம்ம கை எடைதான், ஆனா நம்மது எலும்புல தொங்குது, இது தோல்ல தொங்குது.

நான் இதுக்கு எதிரி இல்லப்பா. 2007ல ஸ்காட்லாந்துல ஐ-லிம்ப்னு ஒரு பயோனிக் கை வந்து விரலுக்கு விரல் மோட்டார் வெச்சது சாதாரண விஷயமா? இங்கயே ஹைதராபாத்ல கல்ஆர்ம்னு ஒரு பயோனிக் கை பண்றாங்க. ஆனா கை குடுக்கிறவங்க யாரும் இந்த ஆளு காலையில அஞ்சு மணிலேர்ந்து என்ன வேலை செய்றாருன்னு கேக்குறதில்ல. ஒரு கேம்ப்ல குடுத்த கை மஞ்சப்பையில சுத்தி பீரோ மேல கிடக்கு, வெட்டுப்பட்ட மிச்சக் கை நாளாக நாளாக இளைக்கும், சாக்கெட்டை மாத்தணும், போன் பண்ணா எடுக்க ஆளில்ல. போட்டோ மட்டும் நல்லா எடுத்தாங்க.

இப்போ அத்தையோட இட்லி வண்டிதான் பொழப்பு. மாவு, தண்ணி, ஆவி, இதுல பேட்டரி கையை எங்க மாட்டுறது? தோள்ல வார் போட்டு இழுக்கிற பழைய கொக்கிதான் வெச்சிருக்காரு, அதால வெங்காயத்தை அமுக்கிப் பிடிச்சு இடது கையால நறுக்குற வேகத்தை நீங்க பாக்கணும்.

லுங்கிக்கு மட்டும் இன்னும் பல்லுதான்.